வீட்ல ரைட் பண்ண கல்யாண டிவிடி முகூர்த்தம் வர்ற இடத்துல சிக்கி நிக்குது, என்ன பண்ணலாம்?

மேலூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. தங்கச்சி கல்யாண வீடியோவ ரெண்டு மணி நேரத்துக்கு எடிட் பண்ணி ஒரே டிவிடில போட்டேன். அம்மாச்சி வீட்ல இருக்கது பழைய பிளேயர், யூஎஸ்பி கிடையாது, டிஸ்க்தான் வழி. லேப்டாப்ல விஎல்சி பிளேயர் சாஃப்ட்வேர்ல முழுசா ஓடுது. அங்க போட்டா முதல்நாள் ரிசப்ஷன் எல்லாம் சுத்தமா வருது, முகூர்த்தத்துல கெட்டிமேளம் ஆரம்பிச்சதும் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடுது, உள்ள டிக் டிக்னு தேடுற சத்தம் வேற. அம்மாச்சியால மண்டபத்துக்கு வர முடியல, அவங்க பாக்கணும்னு கேக்குறதே தாலி கட்டுறதத்தான். மாமா போன்ல எடுத்த கிளிப்ல மட்டும் சத்தம் முந்திப் போகுது. டிஸ்க் டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) வகை, 16எக்ஸ் வேகத்துல ரைட் பண்ணது, மேல போட்டோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

பழைய_டெக்:
ரிசப்ஷன் ஓடுதுன்னா ஃபார்மட் சரி, ஃபைனலைஸும் (மத்த பிளேயர்ல ஓடுற மாதிரி டிஸ்க்க முடிச்சு மூடுறது) ஆயிருச்சு. வெறும் எம்பி4 ஃபைல காப்பி பண்ணியிருந்தா பழைய பிளேயர்ல ஆரம்பமே வராது, அதுக்கு டிவிடி வீடியோ ஃபைல் எல்லாம் இருக்குற வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டர் வேணும். உங்களுக்கு பிரச்சன ஓரத்துல. டிஸ்க்ல நடுவுலருந்து வெளிய பாத்துதான் எழுதும், அதனால படத்தோட கடைசி பாகம் விளிம்புல போய் உக்காரும், எழுத்து மோசமா விழுறதும் பெரும்பாலும் அங்கதான். கடையில வாங்குற பட டிஸ்க் அச்சடிச்சது, நாம எழுதுறது சாயத்துல, ஒளி கம்மியாத்தான் திரும்பும், வயசான லென்ஸுக்கு அதுவே கஷ்டம். இதுல 16எக்ஸ், ஸ்டிக்கர் வேற. ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலா இருந்தாலும் சுத்தும்போது ஆடும். ஒட்டுனத உரிக்காதீங்க, பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டா இன்னும் மோசமா ஆடும். புது டிஸ்க்ல 8எக்ஸ்ல எழுதி, வெரிஃபை (எழுதுனத திரும்பப் படிச்சு சரிபாக்குறது) ஓட விட்டு, மார்க்கர்ல பேர் எழுதுனா போதும். ரொம்ப பழைய பிளேயர்னா டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) வாங்குங்க, இல்ல பிளஸ் ஆர்தான் கையில இருக்குன்னா டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேர் இம்ஜ்பர்ன்ல (ImgBurn) புக் டைப்ப, அதாவது இது என்ன வகை டிஸ்க்னு பிளேயருக்குச் சொல்ற குறிப்ப, டிவிடி ரோம்னு (DVD-ROM) மாத்திப் பாருங்க, டிவிடி ரைட்டர் டிரைவ் ஒத்துக்கிட்டா மட்டும் மாறும்.

திருச்சி_எடிட்டர்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா நான்னா ஒரே டிஸ்க்ல திணிக்கவே மாட்டேன். 4.7 ஜிபி டிஸ்க்னாலும் கம்ப்யூட்டர் 4.38னுதான் காட்டும், ரெண்டு மணி நேரம்னா சத்தத்தையும் சேத்து 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) தான் கிடைக்கும், ஆட்டம் பாட்டம் வர்ற இடத்துல எல்லாம் பிசிறும். முகூர்த்தத்த தனி டிஸ்க்ல போடுங்க. அம்பது நிமிஷம்னா 7 எம்பிபிஎஸ் தாராளமா குடுக்கலாம், விளிம்பு வரைக்கும் போகவும் போகாது. அம்மாச்சிக்கு அதுதானே வேணும். அதுக்காக 9.8 வரைக்கும் ஏத்திராதீங்க, விதிப்படி அனுமதி இருந்தாலும் பழைய பிளேயர் மூச்சு வாங்கும்.

கோவை_ராஜி:
அண்ணா போன் கிளிப்புக்கு காரணம் வேற. போன் வீடியோல ஃபிரேம் ரேட் நிலையா இருக்காது, வெளிச்சம் கொறஞ்சா எறங்கும். அந்த கிளிப்ப மட்டும் முதல்ல ஹேண்ட்பிரேக்னு (HandBrake) வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு ஃபிரேம் ரேட் 25, கான்ஸ்டன்ட்னு வச்சு மாத்திட்டு, அப்பறம் எடிட்ல சேருங்க. ஆடியோ 48000 ஹெர்ட்ஸ் இருக்கணும், 44100 இருந்தா மாத்திடுங்க. எடிட் ப்ராஜெக்ட் நம்ம ஊரு டிவி முறையான பால் (PAL), அளவு 720க்கு 576னு இருக்கட்டும்.

மேலூர்க்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முகூர்த்தத்த தனியா மைனஸ் ஆர்ல 8எக்ஸ்ல எழுதி, ஸ்டிக்கர் இல்லாம குடுத்தேன், கடைசி வரைக்கும் நிக்காம ஓடுச்சு. ராஜி சொன்ன மாதிரி மாத்துனதும் மாமா கிளிப்பும் சரியாயிருச்சு. ரிசப்ஷன இனிமேதான் தனியா எழுதணும்.