கலிலோ பிளாஸ்மிட்: லாம்டா எக்சோநியூக்ளியேஸில் பட்டை மங்குவது ஏன்?

வணக்கம். நியூரோஸ்போரா இன்டர்மீடியா பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள கலிலோ பிளாஸ்மிட் (தனியாகப் பெருகும் டிஎன்ஏ) பற்றி ஓர் உதவி வேண்டும். இது சுமார் 8.6 கிலோபேஸ் நீளமுள்ள நேர்கோட்டு டிஎன்ஏ. இரு 5' முனைகளிலும் புரதம் பிணைந்திருக்கும். அதனால் பீனாலால் புரதத்தை நீக்கும் முன்பே, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியைச் சேர்க்கிறேன் (மில்லிக்கு 200 மைக்ரோகிராம், 1% எஸ்டிஎஸ், 50 டிகிரி, 2 மணி நேரம்). இதைத் தவிர்த்தால் பிளாஸ்மிட் பீனாலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட படலத்தில் மாட்டிக்கொண்டு போய்விடும். இதுவரை சிக்கலில்லை, ஜெல்லில் பட்டை தெளிவாக வருகிறது.

எக்சோநியூக்ளியேஸ் மூன்று (டிஎன்ஏவை முனையிலிருந்து தின்னும் நொதி) அதை 3' முனையிலிருந்து தின்றுவிடுகிறது, அது சரிதான். ஆனால் 5' முனையிலிருந்து தின்னும் லாம்டா எக்சோநியூக்ளியேஸிலும் பட்டை பாதி மங்குகிறது! 5' முனை அடைபட்டிருக்க இது எப்படி? பிரித்தெடுக்கும்போது டிஎன்ஏ உடைந்திருந்தால், நொதி சேர்க்காத வரிசையிலேயே கீழ்நோக்கி இழுவல் தெரிந்திருக்கும், தெரியவில்லை. நொதியில் எண்டோநியூக்ளியேஸ் (டிஎன்ஏவை நடுவில் வெட்டும் நொதி) கலந்திருக்குமோ? அப்படியென்றால் முனையே இல்லாத எந்த வட்ட டிஎன்ஏவை, எவ்வளவு நேரம் வைத்துச் சோதிக்கலாம்? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள்.