புதுப்பிப்பு: தருமபுரியில் திருடுபோன தவில் கிடைத்துவிட்டது

திருமண மண்டபத்து அறையிலிருந்து என் தந்தையின் தவில் திருடுபோனதைப் பற்றி இங்கே எழுதியபோது வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அடகுக் கடைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் விசாரித்ததில் பயனில்லை. தவிலுக்கு மூட்டுப் போடுபவர்களிடம் (தோல் மாற்றிக் கட்டுபவர்களிடம்) படத்தைக் கொடுத்து வைக்குமாறு ஒருவர் சொன்ன யோசனைதான் பலித்தது. 17ஆம் நாள், கிருஷ்ணகிரியில் அத்தொழில் செய்யும் பெரியவர், வலந்தலை (வலப்பக்கத் தோல்) மாற்ற வந்த தவிலைக் கண்டு சந்தேகப்பட்டு என்னை அழைத்தார். நான் காவலர்களுடன் சென்றேன்.

எதிர்பாராத சிக்கல், உரிமையை மெய்ப்பிப்பதில் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதற்கு ரசீது ஏது? தோலைக் கழற்றியபோது, பலாமரக் கொட்டின் (தவிலின் மர உடலின்) உட்புறத்தில் அப்பா உளியால் செதுக்கிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அவர் சொல்லக் கேட்டிருந்தேனே தவிர, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அந்த எழுத்துகளையும் பழைய கச்சேரிப் படத்தையும் சேர்த்தே சான்றாக ஏற்றனர்.

வழக்குச் சொத்து என்பதால் கையோடு தரவில்லை. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி மனுச் செய்து, பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்த பின்பே பெற்றேன். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ மாற்றியமைக்கவோ கூடாது.

தவில் வாசிக்கும் கழியும், விரல்களில் மாட்டும் கூடுகளும் கிடைக்கவில்லை. அப்பாவின் விரல் அளவுக்கே செய்த கூடுகள் அவை. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.