கென்யாவில் கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் 3 மாதப் பணி: நாள் எப்படிப் போகும், என்ன தயாரிப்பு?

எலத்தகிரி_பிஎட்
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரி. பி.எட். முடித்திருக்கிறேன். பங்குக்குத் தெரிந்த கன்னியர் வழியாக, மேற்குக் கென்யாவில் கிசுமு அருகே ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் 3 மாதம் தன்னார்வப் பணி செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. சுமார் 40 பிள்ளைகள், 5 முதல் 15 வயது வரை. "பிள்ளைங்களோட இருந்தா போதும்" என்கிறார்கள். உண்மையில் என்ன வேலை? என்ன காகிதம், என்ன ஊசி? சமையலுக்குக் கூப்பிட்டால் களி கிண்டத் தெரியும், வேறென்ன தெரிந்திருக்கணும்?

ஓசூர்_ரோடு
சகோதரி, முதலில் காகிதத்தைப் பாருங்கள். 2024 ஜனவரியில் இருந்து கென்யாவுக்கு விசா கிடையாது, இடிஏ என்ற ஆன்லைன் பயண அனுமதிதான். ஆனால் சம்பளம் வாங்காவிட்டாலும் நீங்கள் செய்யப்போவது வேலை. குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ், நீண்ட காலத்துக்கு சமய, அறப்பணிகளுக்கான 'ஐ' வகை பெர்மிட் என்று தனியாக இருக்கிறது. இல்லம்தான் முன்னின்று ஏற்பாடு செய்ய வேண்டும். "டூரிஸ்ட்னு சொல்லிட்டு வந்துடும்மா" என்றால் அங்கே போகாதீர்கள். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள்தான்.

இல்லத்தின் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். 2017 நவம்பரில் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்ய அரசு நிறுத்திவிட்டது. இருக்கிற பிள்ளைகளையும் படிப்படியாக உறவினர் வீட்டுக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ அனுப்புவதுதான் இப்போதைய கொள்கை. இல்லங்களில் இருக்கும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதனால் "போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினாங்க?" என்று கேளுங்கள். நல்ல இல்லம் கணக்கோடு சொல்லும். குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் அனுப்பும், உங்களிடம் போலீஸ் சான்றும் கேட்கும். அந்தச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். எந்தச் சான்றும் கேட்காமல் நன்கொடையை மட்டும் கேட்கிற இடம் வேண்டாம்.

பென்னாகரம்_அடுப்படி
களி தெரியும்னா பாதி வேலை தெரியும் தங்கச்சி. அவங்க உகாலியும் அதே கைவேலைதான், ஆனா சோள மாவு. நம்ம களியில போடுற மாதிரி நொய் கிடையாது, உப்பும் போட மாட்டாங்க. 40 பிள்ளைங்களுக்கு சுமார் 6 கிலோ மாவு, 12 லிட்டர் தண்ணி. ஒரே பாத்திரத்துல போட்டா நடுவுல வேகாத மாவு நின்னுடும், ரெண்டா பிரிச்சுக்கோங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது முதல்ல ரெண்டு கைப்பிடி மாவு தூவி கஞ்சி பதத்துக்கு வரவிடுங்க. அப்புறம் மீதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, மரத்துடுப்பால ஓரத்துல அழுத்தி அழுத்தித் திருப்பணும். பாத்திரத்தை விட்டு உருண்டு வந்ததும் தீயைக் குறைச்சு மூடி வைங்க. மூடாம எடுத்தா பச்சை மாவு வாசனை போகாது, சின்னப் பிள்ளைங்க தொடாதுங்க.

காலையில ஊஜின்னு ஒரு கஞ்சி. பல இடத்துல நம்ம கேழ்வரகேதான், அங்க விம்பின்னு பேரு. 12 லிட்டருக்கு ஒன்னேகால், ஒன்னரை கிலோ மாவு, பச்சைத் தண்ணியில கரைச்சுட்டுத்தான் ஊத்தணும்.

கவனமா இருக்க வேண்டியது ரெண்டு. கிதேரின்னு சோளமும் ராஜ்மாவும் சேர்த்து வேகவைப்பாங்க. ராஜ்மாவை ராத்திரியே ஊறவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணியில குறைஞ்சது 10 நிமிஷம் நல்லாக் கொதிச்ச பிறகுதான் தீயைக் குறைக்கணும். விறகு மிச்சம்னு ஆரம்பத்துலேயே சிறுதீயில வச்சா அதுல இருக்கிற நச்சு அழியாது, மொத்த விடுதியும் வாந்தி எடுக்கும். இன்னொன்னு, பூஞ்சை பிடிச்ச சோளம். 2004-ல கிழக்குக் கென்யாவுல அப்படிப்பட்ட சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் செத்துப்போனாங்க. அந்தப் பூஞ்சை விடுற அஃப்ளாடாக்சின்ங்கிற நச்சு வேகவச்சாலும் போகாது. முக்கல் வாசனை, பச்சையோ கருப்போ படிஞ்ச மணி தெரிஞ்சா மூட்டையைத் தனியா வச்சுட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்க.

நேரமும் குழப்பும். சுவாஹிலியில காலை 6-ல இருந்து மணி எண்ணுவாங்க. 'சா மோஜா'ன்னா முதல் மணி, நமக்குக் காலை 7. '11-ஆம் மணிக்கு அடுப்படிக்கு வா'ன்னு ராத்திரி சொன்னா விடியக்காலை 5 மணி. அதுதான் வழக்கமா அடுப்பு மூட்டுற நேரம். பிள்ளைங்க ஆறரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பினதும் பாத்திரம், துணி, பயறு பொறுக்குறது. சாயங்காலம் டீ, வீட்டுப்பாடம், ஜெபம், சாப்பாடு. சனிக்கிழமை முழுக்கத் துவையல்.

பெட்டியில பிளாஸ்டிக் கேரி பேக் வைக்காதீங்க, 2017 ஆகஸ்ட்ல இருந்து அங்க தடை. பிளக் மூணு சதுரக் கால், நம்மது நுழையாது, அடாப்டர் வேணும்.

பாலக்கோடு_செவிலி
மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு. சாதாரண கிளினிக்கில் போட்டால் செல்லாது, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையம்தான். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். கார்டு இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

கிசுமு ஏரிக்கரை, மலேரியா அதிகம். டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரை எழுதினால் தினம் 100 மி.கி., கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின்னும் 4 வாரம். ஊர் வந்ததும் நிறுத்திவிட்டால், கல்லீரலில் ஒளிந்திருந்த கிருமி பிறகு ரத்தத்தில் இறங்கிக் காய்ச்சல் வரும். சாப்பிட்ட பின், நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். உணவுக்குழாய் புண்ணாகும்.

விக்டோரியா ஏரியில் கால்கூட நனைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும்.

பிள்ளைகளிடம் இரண்டு தோல் பிரச்சினை பார்ப்பீர்கள். தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் விட்டிருந்தால் அது படர்தாமரை. களிம்பு மட்டும் தடவினால் தீராது. பூஞ்சை முடியின் வேர்வரை போயிருக்கும், மாத்திரை வேண்டும். தலை மழிக்கும் பிளேடைப் பொதுவில் வைத்தால் எல்லோருக்கும் பரவும். இன்னொன்று கால் விரலிலும் குதிகாலிலும் நடுவில் கரும்புள்ளியோடு வெள்ளைப் புடைப்பு. மணல் தெள்ளுப்பூச்சி உள்ளே புகுந்திருக்கிறது. ஒரே ஊக்கால் வரிசையாக எல்லோருக்கும் குத்தி எடுக்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையும் அந்த ஊக்கு வழியே பரவலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, கிளினிக்கில் அதற்குத் தடவும் டைமெத்திகோன் எண்ணெய் கேளுங்கள். மண்தரையைத் தினம் நீர் தெளித்துப் பெருக்கி, பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டால் திரும்ப வருவது குறையும்.

தினமும் குறித்த நேரத்தில் மாத்திரை வாங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். எதற்கு என்று மற்றவர் முன் கேட்காதீர்கள்.

எலத்தகிரி_பிஎட்
மூவருக்கும் நன்றி. சின்னப் பிள்ளைகள் மடியில் வந்து உட்கார்ந்தால் தள்ளிவிட முடியுமா? பங்கில் காட்டப் படம் எடுக்கலாமா? பரிசு?

தருமபுரி_விடுதி
தள்ளிவிட வேண்டாம்மா. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். ஆனால் ராத்திரி அழுகை, காய்ச்சல், காயம் என்றால் இல்லத்துத் தாயைக் கூப்பிடு, நீ பின்னால் நில். வந்த முதல் நாளே யார் மடியிலும் ஏறும் பிள்ளை பெரும்பாலும் பலரை இழந்த பிள்ளை. 3 மாதத்தில் நீயும் கிளம்பினால் அந்தக் கணக்கில் இன்னொன்று கூடும். இல்லங்களில் தன்னார்வத் திட்டங்களால் வரும் பாதிப்புகளைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையே 2019 டிசம்பர் தீர்மானத்தில் சொல்லியிருக்கிறது. பாத்திரத்தை நீ கழுவு, அந்த இல்லத்துத் தாய்க்குக் கை ஓயட்டும், பிள்ளை அவர் மடியில் போய் உட்காரட்டும்.

முகம், பெயர், இல்லம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். பரிசை இல்லத்தின் கையில் கொடு, ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அன்று ராத்திரி அந்தப் பிள்ளைதான் அடி வாங்கும்.

உன் பி.எட். வீட்டுப்பாட நேரத்தில்தான் உதவும். பெரிய வகுப்புகளில் பாடம் ஆங்கிலத்தில். பின்தங்கிய நாலைந்து பேரைத் தேர்ந்து, ஆளுக்கு 15 நிமிஷம் சத்தமாக வாசிக்க வை. சோடா மூடிகளைப் பத்துப் பத்தாகக் கோத்துக் கணக்குச் சொல்லிக்கொடு.

கிளம்பும் தேதியை முதல் நாளே சொல்லிக் காலண்டரில் குறித்து வை. திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்காதே. கடைசி வாரம் புதுப் பாடம் எதுவும் தொடங்காமல், ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி, அடுத்துப் பார்க்கப்போகிறவரிடம் கொடுத்துவிட்டு வா.