டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்கலாமா? கையால் வயர் செய்த ஆம்ப் மட்டும்தான் ஆம்பா?

அடையாறு ப்ளூஸ்
பக்கத்து இழையில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "அச்சடித்த போர்டு போட்ட ஆம்ப் எதுவும் ஐந்து வருடம் தாங்காது, அதில் ஒலியும் வராது. கையால் வயர் செய்ததை வாங்க முடியாதவர்கள் வால்வு ஆம்ப் பக்கமே வர வேண்டாம்." அச்சடித்த போர்டு என்றால் வயருக்குப் பதில் செம்புத் தடம் பதித்த சர்க்யூட் பலகை; வால்வு என்றால் டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய். படித்ததும் எரிச்சலாக வந்தது. நான் ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப் ரீஇஷ்யூ (அறுபதுகளின் மாடலின் மறுபதிப்பு) ஒன்றைப் பழையதாக வாங்க இருக்கிறேன். 1993 முதல் வருகிற மாடல். 22 வாட், இரண்டு 6வி6 பவர் வால்வு, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். வாசித்துப் பார்த்தேன், மனசு அதிலேயே நிற்கிறது. அச்சடித்த போர்டு என்பதற்காக விட்டுவிட வேண்டுமா?

ஸ்காபரோ கிட்டார்
அதை எழுதினது நான்தான். என்னிடமே நேரே கேட்டிருக்கலாமே தம்பி. எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். 1963க்கும் 1967க்கும் இடையில் வந்த டீலக்ஸ் ரிவெர்ப் இன்றைக்கும் மேடையில் நிற்கிறது. ஏன்? ஒவ்வொரு ரெசிஸ்டரும் பலகையில் தனித்தனியே நிற்கும். பழுதானால் கால் மணி நேரத்தில் மாற்றலாம். அச்சடித்த போர்டில் ஒரு பாகத்தை எடுக்கப் போனால் செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வரும்.

திருச்சி வால்வு
நாற்பது வருடமாக வால்வு ரேடியோவும் ஆம்பும் பழுது பார்க்கிறேன். போர்டு அச்சடித்ததா, கையால் செய்ததா என்பது கேள்வியே இல்லை. வால்வு சாக்கெட் எதன் மேல் நிற்கிறது? அதுதான் கேள்வி. சாக்கெட்டை சேஸிஸில் (உலோகச் சட்டகத்தில்) திருகி, அங்கிருந்து வயர் இழுத்து போர்டில் சேர்த்திருந்தால் அச்சடித்த போர்டும் நெடுநாள் ஓடும். சாக்கெட்டையே போர்டில் சால்டர் செய்திருந்தால், பவர் வால்வு தினமும் சூடாகிச் சூடாகி ஆறுவதில் சால்டர் பொட்டைச் சுற்றி வளையமாக விரிசல் விழும். வால்வை மாற்றும்போது அசைக்கிற அசைப்பும் அதே பொட்டின் மேல்தான். முதலில் 'பட்பட்' என்று சத்தம் வரும், அப்புறம் ஒலி வந்து வந்து போகும். தம்பி, சாக்கெட்டைப் பாருங்கள்.

ஏசி30 ரசிகன்
ஸ்காபரோக்காரருக்கு ஒரு கேள்வி. மார்ஷல் ஜேசிஎம்800 அச்சடித்த போர்டுதானே? 1981ல் வந்தது. எண்பதுகளில் கேட்ட ராக் ரெக்கார்டுகளில் எத்தனையில் அது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "ஒலியும் வராது" என்று எப்படி எழுதினீர்கள்? ஒலிதான் வேண்டும் என்றால் வாக்ஸ் ஏசி30 வாங்குங்கள். நான்கு இஎல்84 வால்வு, நெகட்டிவ் ஃபீட்பேக் (ஒலியின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி அடக்குவது) கிடையாது, வால்யூமை ஏற்றினால் மணி அடித்த மாதிரி இருக்கும். ஃபெண்டர் அதற்குக் கிட்டே வராது.

ஸ்காபரோ கிட்டார்
மார்ஷலைப் பற்றி என்னிடம் கதைக்காதீர்கள். 1962ல் அவர்கள் செய்த முதல் ஆம்பே, ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். பார்த்து எழுதினவனுக்கு இவ்வளவு பெருமையா?

ஏசி30 ரசிகன்
பார்த்துச் செய்தார்கள், யார் இல்லை என்றது? வால்வு வேறு, ஸ்பீக்கர் வேறு, அதனால்தான் ஒலியும் வேறு ஆனது. அதே ஜேடிஎம்45ஐயும் கையால்தான் வயர் செய்தார்கள், அதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். நான் கேட்டது ஜேசிஎம்800. அதற்குப் பதில் எங்கே?

திருச்சி வால்வு
இரண்டு பேரும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். ஏசி30 நல்ல ஆம்ப், மறுக்கவில்லை. ஆனால் நான்கு இஎல்84 கேதோட் பயாஸில் நெருக்கமாக நின்று எரிகிற பெட்டி அது. வாசிக்காமல் சும்மா இருந்தாலும் வால்வுகள் முழுச் சூட்டில்தான் இருக்கும். அந்தச் சூட்டில் சாக்கெட் எதன் மேல் நிற்கிறது? பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்காபரோக்காரர் தெய்வமாக வைத்திருக்கும் பழைய ஃபெண்டர் பலகை, மெழுகு பூசிய கறுப்பு ஃபைபர் அட்டை. ஈரத்தை இழுக்கும். இழுத்துவிட்டால் அட்டையிலேயே மின்சாரம் கசிந்து, சம்பந்தமில்லாத இடத்தில் வோல்டேஜ் காட்டும். மீட்டரை வைத்து நானே பார்த்திருக்கிறேன். சென்னைக் கடற்காற்றில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "சாகாவரம்" என்கிறார்.

ஸ்காபரோ கிட்டார்
ஃபைபர் அட்டையைக் காய வைத்தால் சரியாகிவிடும். உரிந்த செம்புத் தடத்தைக் காய வைக்க முடியுமா அண்ணை?

சிக்னல்
சாக்கெட், அட்டை, செம்பு… வால்வையே விட்டுவிடலாமே? அதே டீலக்ஸ் ரிவெர்பை டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலாக 2019ல் கொண்டுவந்தார்கள். வால்வு ஆம்ப் 19 கிலோ, இது பத்தரை கிலோ. வாட்டைக் குறைக்கப் பின்னாலேயே சுவிட்ச் உண்டு. அடுக்குமாடி வீட்டில் 22 வாட் வால்வு ஆம்பை நாலு வரை ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஏற்றாவிட்டால் நீங்கள் ஆசைப்படும் அந்தக் கரகரப்பே வராது. அப்புறம், ட்யூப் எங்கே கிடைக்கும்? 2022ல் ரஷ்ய ஏற்றுமதி நின்றபோது எல்லோரும் விலை ஏறுகிறது என்று அலறியது மறந்துவிட்டதா? இன்றைக்கு ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா தவிரப் பெரிய அளவில் செய்கிறவர்களே இல்லை.

திருச்சி வால்வு
ட்யூப் இல்லை, வால்வு. இந்த ஊரில் அதற்குப் பெயர் வால்வு. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இசிசி83, இஎல்84 எல்லாம் செய்த காலத்தில் நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். அந்த வால்வு இன்றும் என் மேஜையில் வேலை செய்கிறது. டிஜிட்டல் போர்டு போனால் யார் பழுது பார்ப்பார்கள்? தூக்கிப் போட்டுவிட்டு புதுப் போர்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

சிக்னல்
பெயரில் என்ன இருக்கிறது? ஃபெண்டர் செய்த நாட்டில் ட்யூப் என்றுதான் சொல்கிறார்கள். கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேனே, அதைப் படித்தீர்களா?

அடையாறு ப்ளூஸ்
என் வீடு தனி வீடு. நான் வாசிப்பது சர்ச்சிலும், மாதம் இரண்டு மேடையிலும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நம்ம ஊர் கரண்டில் இந்த ஆம்ப் தாங்குமா?

திருச்சி வால்வு
இதுதான் உருப்படியான கேள்வி. முதலில் அது 230 வோல்ட்டுக்குச் செய்ததா, அமெரிக்க 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பாருங்கள். 120 என்றால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகவே கூடாது. 230 என்றாலும் கணக்கு இருக்கிறது. வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்டுக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் வரை முன்னே பின்னே போகலாம். லைன் 250 வந்தால் 6.85 ஆகிவிடும், கிட்டத்தட்ட எல்லையில் நிற்கிறீர்கள். வால்வின் பிளேட்டுக்கு வரும் உயர் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். பழைய தரவேட்டில் 6வி6ஜிடி வால்வுக்கு பிளேட் வரம்பு 350 வோல்ட்தான், டீலக்ஸ் ரிவெர்பில் அது 400க்கு மேல் ஓடுகிறது. ஏற்கெனவே மிரட்டி வேலை வாங்குகிற சுற்று. அதனால் நல்ல ஸ்டெபிலைசர் கட்டாயம். வால்வு மாற்றினால் பயாஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) பார்க்க வேண்டும். கெபாசிட்டர் பதினைந்து, இருபது வருடமானதென்றால் மாற்றிவிடுங்கள். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும்.

இவ்வளவும் செய்துவிட்டு சாக்கெட்டைப் பார்க்காமல் விட்டால் பயன் இல்லை. மரக்குச்சியால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். பவர் வால்வில் கரகரத்தால் சாக்கெட்.

ஸ்காபரோ கிட்டார்
சாக்கெட், சாக்கெட், சாக்கெட். போன வருடம் ஸ்ட்ராட் கிட்டாரின் கழுத்து மரம் பற்றிய இழையிலும் இவர் இப்படித்தான். மற்றவர்கள் எழுதினதைப் படிக்காமல் நாற்பது பதிவு போட்டு, கடைசியில் எல்லோரும் ஓடின பிறகு தான் வென்றதாக எழுதினார். எனக்குச் சொந்தமாக ஒரு அச்சடித்த போர்டு ஆம்ப் இருந்தது, பெயர் வேண்டாம். மூன்றாம் வருடம் கச்சேரி நடுவே நின்றது. சாக்கெட் இல்லை. பவர் ரெசிஸ்டர் போர்டோடு ஒட்டி நின்று, அந்த இடத்தையே கருக்கிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறார்?

திருச்சி வால்வு
ரெசிஸ்டரைத் தூக்கி வைக்காமல் போர்டில் படுக்க வைத்தவன் தப்பு. அது வேறு விஷயம். சாக்கெட்டுக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது. அந்தக் கழுத்து இழையிலும் நான் சொன்னதுதான் சரி.

ஏசி30 ரசிகன்
ஆக, அவர் ஆம்ப் போனதற்குக் காரணம் சாக்கெட் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். எனக்கு இன்னும் ஜேசிஎம்800க்குப் பதில் வரவில்லை.

அடையாறு ப்ளூஸ்
விற்பவர் படம் அனுப்பியிருக்கிறார், இணைத்திருக்கிறேன். 230 வோல்ட் என்று பின்னால் எழுதியிருக்கிறது.

ஸ்காபரோ கிட்டார்
ஸ்பீக்கரும், ரிவெர்ப் ஸ்பிரிங் பெட்டி வைத்த பையும்தான் தெரிகிறது. இதை வைத்து என்ன சொல்வது? அந்தக் காசைச் சேர்த்து வைத்து, கையால் வயர் செய்த '64 கஸ்டம் டீலக்ஸ் ரிவெர்ப் வாங்குங்கள். நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

சிக்னல்
அதன் விலையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

திருச்சி வால்வு
வால்வுகள் தொங்குவது தெரிகிறது, சாக்கெட்டின் அடிப்பக்கம் தெரியவில்லை. சேஸிஸைக் கழற்றி உள்பக்கம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. மாட்டேன் என்றால் நானே பஸ் ஏறி வருகிறேன். யாரும் அதற்குள் பணம் கொடுக்கச் சொல்லாதீர்கள்.