மீனா அத்தையின் ரிப்போர்ட்டும் செல்வம் சித்தப்பாவின் ஃபார்வர்டும்

மீனா அத்தை: (படம்)
மீனா அத்தை: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. கெட்ட கொழுப்பு எல்டிஎல் 106தான். போன வருடம் 150க்கு மேல் இருந்தது. இனி அந்தக் கொழுப்பு மாத்திரைக்கு முழுக்குப் போடலாம் என்றிருக்கிறேன்.

செல்வம் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) கொழுப்பு மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்!! இன்றே நிறுத்துங்கள்!! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!
செல்வம் சித்தப்பா: அக்கா, நான் அன்றைக்கே சொன்னேன்.

பிரகாஷ்: மாமா, இதையே போன மாதமும் போட்டீர்கள்.

செல்வம் சித்தப்பா: நல்லதை நாலு தடவை சொன்னால் தப்பில்லை மாப்பிள்ளை.

கவிதா: அத்தை, அவசரப்படாதீர்கள். டியூட்டி முடிந்து இப்போதுதான் போனை எடுத்தேன். எல்டிஎல் குறைந்ததே அந்த மாத்திரையால்தான். காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிற மாத்திரை இல்லை இது.
கவிதா: இரண்டாம் பக்கம் எங்கே?

மீனா அத்தை: அதில் சிறுநீரகத்துக்குப் பார்க்கிற யூரியா, கிரியாட்டினின்தான். கிரியாட்டினின் 1.4. ஏதோ தடித்த எழுத்தில் போட்டிருந்தான், விட்டுவிட்டேன்.

கவிதா: அதைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும்! உங்கள் 62 வயதுக்குக் கணக்குப் போட்டால் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 43 வருகிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் 44. அது 60க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மீனா அத்தை: ஐயோ, டயாலிசிஸா?

கவிதா: இல்லை அத்தை, அதற்கெல்லாம் வெகுதூரம் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருடமாக நிற்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் முதல் பக்கத்தை இனி வேறு கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரைகிளிசரைட் என்கிற இன்னொரு கொழுப்பு 290, எச்டிஎல் 34. பார்த்தீர்களா?

மீனா அத்தை: நல்ல கொழுப்பு கொஞ்சம் கம்மி. அவ்வளவுதானே?

கவிதா: சிறுநீரகம் தளர்ந்தவர்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ட்ரைகிளிசரைட் ஏறும், எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் மட்டும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் ஓடும் கொழுப்பை உடைத்து எடுக்க லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிறுநீரகம் மந்தமானால் அந்த நொதியைத் தடுக்கிற ஒரு புரதம் ரத்தத்தில் சேர்ந்துகொள்ளும். கொழுப்பு கரையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்டிஎல் துகள்களும் சிறுத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சுலபமாகப் புகும். அளவு குறைவு, சேட்டை அதிகம்.
கவிதா: இன்னொன்று. அந்த 106ஐ நேராக அளந்திருக்க மாட்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது. 1972லிருந்து இருக்கிற சூத்திரம்.

பிரகாஷ்: இரு, போட்டுப் பார்க்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 198. அதில் எச்டிஎல் 34 போனால் 164. 290இல் ஐந்தில் ஒன்று 58. 164இல் 58 போனால் 106. அட, அச்சு அசலாக வருகிறது!

கவிதா: ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. நீ நடுவில் போட்டாயே, 164, அத்தை பார்க்க வேண்டியது அதைத்தான். எச்டிஎல் நீங்கலாக மற்றதெல்லாம் அதில் அடக்கம்.

செல்வம் சித்தப்பா: எல்லாம் சரிம்மா. மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா, கெடுக்காதா?

கவிதா: கெடுக்காது சித்தப்பா. ஆனால் கிட்னியைக் காப்பாற்றும் என்றும் சொல்ல மாட்டேன். 2011இல் ஷார்ப் என்ற ஆய்வு வெளியானது. சிறுநீரக நோயாளிகள் சுமார் 9,270 பேருக்கு சிம்வாஸ்டாட்டின், எஸெட்டிமைப் என்ற இரண்டு கொழுப்பு மருந்துகளும், இல்லாவிட்டால் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. டயாலிசிஸ் தள்ளிப்போகவில்லை. சிறுநீரக நோயாளிகளில் நிறையப் பேருக்கு டயாலிசிஸ் வருவதற்கு முன்பே இதயம்தான் வினையாகிறது. மாத்திரை அதற்கு.
கவிதா: அபூர்வமாகச் சிலருக்குத் தசை சிதைந்து, சிறுநீர் பழுப்பாகி, கிட்னி வரை பாதிக்கும். இல்லை என்று மறைக்கவில்லை. ஃபார்வர்டு எழுதிய புண்ணியவான் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே பூச்சாண்டி காட்டுகிறான்.

பிரகாஷ்: டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இதைக் கொடுப்பார்களா?

கவிதா: ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தொடர்வார்கள். அந்தக் கட்டத்தில் புதிதாக ஆரம்பிப்பதில் பெரிய பலன் தெரியவில்லை. அதனால்தான் அத்தை, முன்கூட்டியே எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பிரகாஷ்: என் கதை இதற்கு நேர் தலைகீழ் இல்லையா?

மீனா அத்தை: அதை ஏன் ஞாபகப்படுத்துகிறாய்!

பிரகாஷ்: மாமாவுக்குத் தெரியாது, சொல்கிறேன். எனக்கு 26 வயது, ஒல்லிக்குச்சி. கொலஸ்ட்ரால் 410 என்று வந்தது. ஒரு கிளினிக்கில் நான்கு மாதம் கொழுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். காலையில் கண் இமை இரண்டும் உப்பியிருக்கும். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினாலும் நுரை போகாது. சிறுநீரை மட்டும் யாருமே சோதிக்கச் சொல்லவில்லை.

கவிதா: நுரை என்று நீ பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 6 கிராம்! 3.5ஐத் தாண்டினாலே நெஃப்ரோடிக், அதாவது புரதம் அளவுக்கு மீறி ஒழுகுகிற வரிசையில் வைப்பார்கள்.

செல்வம் சித்தப்பா: புரதம் போனால் கொழுப்பு ஏன் ஏற வேண்டும்?

கவிதா: ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். ஈடுகட்டக் கல்லீரல் முழுவேகத்தில் ஓடும். ஆல்புமினோடு கொழுப்பைச் சுமக்கும் துகள்களையும் சேர்த்துத் தள்ளும். அவற்றை உடைக்கிற வேலையும் சுணங்கும். ஓட்டை சிறுநீரகத்தில், பழி கொலஸ்ட்ராலுக்கு.

பிரகாஷ்: பயாப்சி எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து, ஒழுக்கு நின்ற பிறகு கொலஸ்ட்ரால் தானாக 190க்கு வந்தது.

கவிதா: அத்தை, உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்த ஆசைப்பட்டது 106ஐப் பார்த்துத்தானா?

மீனா அத்தை: தொடையெல்லாம் வலிக்கிறது கவி. மாடிப்படி ஏற முடியவில்லை. சொன்னால் திட்டுவீர்கள் என்று சொல்லவில்லை.

கவிதா: தைராய்டு மாத்திரை?

மீனா அத்தை: தீர்ந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது.

பிரகாஷ்: அம்மா!!!

கவிதா: அடக் கடவுளே. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறும். ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையால் தசை வலி வரவும் அதுவே வழி விடும். நாளைக்கு முதல் வேலையாக தைராய்டுக்கு டிஎஸ்எச், தசைக்கு சிபிகே, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், மூன்றுக்கும் கொடுங்கள். வலியைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். சிறுநீர் பழுப்பாகப் போகிறதா?

மீனா அத்தை: இல்லை, எப்போதும் போலத்தான்.

கவிதா: நல்லது. நிறம் மாறினால் நடுராத்திரி ஆனாலும் கூப்பிடுங்கள்.

செல்வம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரகாஷ்: மாமா, நீக்கினாலும் நாங்கள் பார்த்துவிட்டோம்.

மீனா அத்தை: கவி, சிறுநீர் காலையில் முதலில் போவதா, எப்போது வேண்டுமானாலுமா?

கவிதா: முதலில் போவதே நல்லது அத்தை. டப்பாவை இன்றைக்கே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பிரகாஷ்: கிளம்பிவிட்டேன். தைராய்டு மாத்திரையும் சேர்த்து.