கல்லூரி மின்சேகரம்: பாடக்குறிப்புகள், பழைய பேட்டி கேசட்டுகள். எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்தாங்கி:

வணக்கம். உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகம். மின்சேகரம் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. இருப்பு இரண்டு வகை.

பாடப்பொருள்: கையெழுத்துக் குறிப்புகள், சைக்ளோஸ்டைல் பிரதிகள், பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகள், பவர்பாயின்ட், வினாத்தாள்கள்.

பேட்டிகள்: வரலாற்றுத் துறை அலமாரியில் 120 கேசட். சி-60 (60 நிமிடம்) சுமார் 80, மீதி சி-90 (90 நிமிடம்). 1980களின் கடைசியிலும் 90களிலும் மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக எடுத்தவை. பட்டு நெசவாளர்கள், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர்கள், ஏரிப் பாசனம் பார்த்த நீர்க்கட்டிகள். சிலவற்றில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அட்டையில் பேரும் ஊரும்தான். ஒப்புதல் கடிதம் ஒன்றுகூட இல்லை.

எதை முதலில் எடுப்பது, எந்தத் தரத்தில் மாற்றுவது, டிஸ்பேஸ் என்ற மின்சேகர மென்பொருள் போடலாமா, பேட்டிகளை அப்படியே இணையத்தில் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பேழை:

கேசட்டை முதலில் எடுங்கள். காகிதம் காத்திருக்கும். நாடாவும் காத்திருக்காது, அதை ஒழுங்காக ஓட்டும் டெக்கும் நாளுக்கு நாள் அரிதாகிறது.

வெள்ளைப் பூப்பு பூஞ்சைதான். அவற்றை டெக்கில் போடவே கூடாது. துகள் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் போகும். தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மற்றவற்றிலிருந்து விலக்கி, ஈரமில்லாத அறையில் வையுங்கள். தொடும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும். நாடா மீட்பு தெரிந்தவரிடம் கடைசியில் கொடுங்கள். நீங்களே துடைக்க வேண்டாம்.

மற்றவற்றில் முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் ஒடிப்பது. யாராவது தவறி ரெக்கார்டை அமுக்கினாலும் அழியாது. அடுத்து, வாய்ப்பகுதியில் செப்புத் தகட்டின் மேல் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். பழைய கேசட்டில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டோடு சரியாகப் படியாது, குரல் வந்து வந்து போகும். 'நாடா கெட்டுவிட்டது' என்று ஒதுக்கும் கேசட்டுகளில் பல இந்த ஒரு துண்டு இல்லாதவைதான். ஸ்குரூ வைத்த கூடென்றால் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடுங்கள். ஒட்டிய கூடென்றால் விளிம்புக் கோட்டில் பிளேடால் மெதுவாகப் பிளக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்டீரியோ டெக் ஒன்று வாங்கி, பெல்ட் மாற்றிப் பயன்படுத்துங்கள். கணினியில் செருகும் மலிவான கேசட் பெட்டிகள் வேண்டாம்; மோட்டார் ஆட்டம் குரலிலேயே கேட்கும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு இணைப்பு. ஹெட்போன் துளையும் வேண்டாம், மடிக்கணினியின் மைக் துளையும் வேண்டாம். ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (நாடாவை இழுக்கும் உலோகத் தண்டு) நான்கைந்து கேசட்டுக்கு ஒருமுறை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கவும். ரப்பர் உருளைக்கு மட்டும் லேசான ஈரத்துணி. ஆல்கஹால் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

பலரும் விடுவது அசிமத், அதாவது நாடாவின் மேல் ஹெட் நிற்கும் கோணம். பேட்டி எடுத்த டேப் ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நேரான ஹெட் உள்ள உங்கள் டெக்கில் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக இருக்கும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக முன்னும் பின்னும் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், முடிந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைச் செய்ய வேண்டும். மாற்றிய பிறகு கணினியில் 'டிரெபிள்' ஏற்றி இதை ஈடுகட்ட முடியாது.

மூலப் பிரதி: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு). ஒலி ஆவணக் காப்பக வட்டாரத்தில் இதுதான் கீழ்வரம்பு. 96 வைத்தாலும் தப்பில்லை. தெருவோரப் பேட்டிக்கு அவசியமில்லை. மோனோ பேட்டியையும் ஸ்டீரியோவாகவே எடுங்கள். இரண்டு தடத்தில் ஒன்று தேய்ந்திருக்கும், நல்லதைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். டெக்கின் டால்பி (இரைச்சல் குறைப்பு) அணைத்தே இருக்கட்டும். கையடக்க ரெக்கார்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது, போட்டால் குரல் மங்கும்.

சி-60 முழுக்க 1.04 ஜிபி வரும், சி-90 1.56 ஜிபி. உங்கள் 120-க்கும் மொத்தம் 145 ஜிபி அளவு. கேட்பவர்களுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 போதும், மணிக்கு 29 எம்பி. இரைச்சல் நீக்கம், வெட்டு, ஒட்டு எல்லாம் இந்த எம்பி3 பிரதியில்தான். மூல வேவில் கை வைக்காதீர்கள்.

குரல் கீச்சென்று வேகமாக ஓடினால், எடுத்தபோது பேட்டரி இறங்கியிருந்தது என்று அர்த்தம். பின்னணியில் மின்கம்பி இரைச்சல் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். 50-க்குப் பதில் 55 காட்டினால் கேட்கும் பிரதியின் வேகத்தை 9 சதவீதம் குறைக்கலாம். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை நம்பித் திருத்த வேண்டாம். 90களில் நம்மூர் மின்சாரமே 50-ல் நிலையாக நின்றதில்லை.

சுவடிச்சுருள்:

ஒலி முடிந்தது. இனி, ஏற்றியதைத் தேடினால் கிடைக்குமா என்பதைப் பார்ப்போம்.

முதல் மாதம் எந்த மென்பொருளும் வேண்டாம். ஒரு விரிதாள் போதும். ஒரு கேசட் பக்கத்துக்கு ஒரு வரிசை: நாடா எண், பக்கம், பேசியவர், பேட்டி எடுத்தவர், எடுத்த தேதி, எடுத்த இடம், பேச்சில் வரும் காலம், பேச்சில் வரும் ஊர், நிமிடம், நிலை, உரிமை. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் எதையும் ஏற்றக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வேண்டாம். துறைச் சுருக்கம், நாடா எண், பக்கம் என்று ஆங்கில எழுத்தில் அடிக்கோடு (_) போட்டு வைத்தால் எந்தக் கணினிக்குப் போனாலும் உடையாது.

ஊர்ப்பெயரில் இரண்டு பத்தி வையுங்கள். பேசியவர் 'வட ஆற்காடு ஜில்லா' என்பார். அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது. அதில் வேலூர் என்றிருந்ததும் 2019-ல் மூன்றானது. சொன்னது ஒரு பத்தியில், இன்றைய வட்டமும் மாவட்டமும் இன்னொன்றில். 1965 போராட்டம் பற்றிய பேட்டிகளில் 'மதராஸ் ஸ்டேட்' என்றுதான் வரும். பெயர் மாறியது 1969 ஜனவரியில். அதை 'தமிழ்நாடு' என்று திருத்தி எழுதிவிடாதீர்கள்.

டிஸ்பேஸில் வழக்கமாக நடக்கும் குளறுபடிகள் சில. ஏற்றும் படிவம் வெளியான தேதியைக் கட்டாயமாகக் கேட்கும். அவசரத்தில் இந்த வருஷத்தைப் போட்டுவிடுவார்கள். 1988 பேட்டி 2025 என்று வரிசையில் நிற்கும். உருவான தேதிக்குத் தனிப் புலம் திறந்து, வரிசைப்படுத்தலை அதன்மேல் அமையுங்கள். ஆசிரியர் புலத்தில் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நமக்கு முதல் பெட்டியில் பெயர், இரண்டாவதில் தலைப்பெழுத்து: 'முருகேசன், கு.' என்று வரும். ஒருவர் இப்படியும் ஒருவர் தலைகீழாகவும் போட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாவார். பேட்டி கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே புலம் வேண்டாம். மேலாண்மைப் பக்கத்தின் பதிவேட்டில் இரண்டு புதுப் புலம் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தேடல். தேடுபொறிக்கு வேற்றுமை உருபு தெரியாது. 'நூல்' என்று தேடினால் 'நூலில்' வராது. நட்சத்திரக் குறி போட்டு 'நூல்*' என்றாலும் வராது, காரணம் புள்ளி. 'நூலில்' என்பதில் லகரத்துக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. 'நூல*' என்று புள்ளியில்லாமல் தேடினால் 'நூல்', 'நூலில்', 'நூலை' மூன்றும் விழும். 'மரம்', 'மரத்தில்' இரண்டுக்கும் 'மர*'. இதைத் தேடல் பக்கத்திலேயே உதவிக்குறிப்பாக எழுதி வையுங்கள். குறிச்சொற்களை எப்போதும் எழுவாய் வடிவில் இடுங்கள்.

இன்னொன்று, 'கௌ' என்பதை ஒருவர் ஔகாரக் குறியிட்டும் இன்னொருவர் எகரக் குறிக்குப் பின் ளகரம் போட்டும் அடித்திருப்பார். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு. 'ஸ்ரீ'-யிலும் இதே கதை. விரிதாளில் இரண்டையும் தேடி ஒரே வடிவாக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பாமினி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடலுக்கு அவை வெற்றுக் கிறுக்கல். மாற்றும்போதும் கவனம் வேண்டும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்த எழுத்துரு. கோப்பு முழுவதையும் மாற்றியில் போட்டால் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் தமிழ்ப் பிதற்றலாகிவிடும். பாமினி எழுத்துரு உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள், மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக் குறிப்புகளை 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யலாம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் குறிப்புகள் காணாமல் போகும். சைக்ளோஸ்டைலுக்கு 400. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருள் தமிழ் அச்சுக்கு ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், கையெழுத்துக்கு உதவாது. அங்கே அலகுத் தலைப்புகளையும் பத்துக் குறிச்சொற்களையும் கையால் அடிப்பதே வேகம்.

பேட்டிகளைச் சொல்லுக்குச் சொல் எழுத உட்கார்ந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வரி போதும்: '00:12:40 தெருவில் பாவு ஓட்டுதல், கஞ்சி போடும் பக்குவம், மழைக்காலத்தில் வேலை நிற்பது'. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் மையம் உருவாக்கிய ஓம்ஸ் என்ற இலவசக் கருவி இந்த வரிகளை ஒலியோடு இணைத்துவிடும். வரியைத் தொட்டால் அந்த நிமிடம் ஒலிக்கும்.

உரிமைத்தாள்:

பேட்டிகளை அப்படியே வைக்கலாமா என்றால், கூடாது.

கேசட் கல்லூரியுடையது என்பதால் அதில் பேசியவரின் சொற்களும் கல்லூரியுடையவை ஆகிவிடாது. பேசியவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் வாரிசுகளிடமும் எழுத்தில் வாங்குங்கள். படிவம் தயாரிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமங்களுக்கும் இது பொருந்தும். எனவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், வணிகமற்ற கல்விப் பயன்பாட்டுக்கு, பிரத்தியேகமற்ற உரிமம்' என்று நாலையும் எழுதுங்கள். உரிமையை முழுதாக எழுதி வாங்க வேண்டாம். தேவையும் இல்லை, பெரியவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாவில் இருந்து பின்னால் டிஜிட்டலாக்கிய தகவலையும் தொடும். ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் அதில் விலக்கு உண்டு, நிபந்தனைகளோடு. அதைச் சாக்காக வைத்துக் கேட்காமல் ஏற்றுவது சரியல்ல என்பது என் கருத்து.

மூன்று அடுக்கு வையுங்கள்: எல்லோருக்கும், வளாகத்துக்குள் மட்டும், குறித்த தேதிவரை மூடியது. டிஸ்பேஸில் கோப்பின் அனுமதியில் தொடக்கத் தேதி போட்டால் அன்று தானே திறக்கும். வளாகத்துக்கு ஐபி முகவரி வைத்துக் குழு அமைக்கலாம். கோப்பை மூடினாலும் விவரக்குறிப்பு வெளியே தெரியும். 'அடுத்த வீட்டு இன்னார் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தார்' என்று சுருக்கத்தில் எழுதிவிட்டு ஒலியைப் பூட்டிப் பயனில்லை. எழுத்துப்படியை பிடிஎஃப் ஆகச் சேர்த்தால் அதன் சொற்களும் தேடல் அட்டவணைக்குள் போகக்கூடும். மூடிய பேட்டிக்கு எழுத்துப்படி ஏற்றாதீர்கள். கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் ஒரு தொடரைத் தேடிச் சோதியுங்கள்.

காதால் முழுதாகக் கேட்காத எந்தப் பேட்டியையும் திறக்க வேண்டாம். கடன், சாதித் தகராறு, கல்யாண முறிவு எல்லாம் நெசவைப் பற்றிய பேச்சின் நடுவேதான் வரும்.

பவர்பாயின்டில் பாடநூல் படங்கள் ஒட்டியிருக்கும். வகுப்பில் கற்பிக்கும்போது பயன்படுத்த 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உலகத்துக்கே திறந்து வைப்பது வேறு. அவற்றை வளாக அடுக்கில் வையுங்கள். வினாத்தாள், சொந்தமாக எழுதிய குறிப்பு ஆகியவற்றில் தொல்லை குறைவு. ஆசிரியரிடம் ஒரு பக்க ஒப்படைப்புக் கடிதம் மட்டும் வாங்கிவிடுங்கள்.

புத்தகத்தாங்கி:

மூவருக்கும் நன்றி. சர்வர் பார்க்கத் தனி ஆள் கிடையாது. கணினித் துறை ஆய்வக உதவியாளர்தான். கூகுள் டிரைவில் வைத்து இணைப்புக் கொடுத்தால் போதாதா?

சுவடிச்சுருள்:

ஏற்றுவதற்கு முன் வேலை செய்யும் இடமாக டிரைவ் சரி. சேகரமாகச் சரிவராது. கணக்கு வைத்திருப்பவர் ஓய்வு பெற்றதும் இணைப்புகள் செத்துவிடும், தேடலும் விவரக்குறிப்பும் கிடையாது.

ஆளில்லையென்றால் டிஸ்பேஸ் 7-உம் அதற்குப் பிந்தியவையும் சுமைதான். ஜாவா, போஸ்ட்கிரெஸ், சோலார், முகப்புக்குத் தனி நோட் சேவை என நாலு பாகம். 8 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்தால் மூச்சு வாங்கும். ஒமேகா என்ற எளிய சேகர மென்பொருள் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கில் ஓடும், ஓம்ஸும் அதோடு சேரும். சில ஆயிரம் உருப்படிவரை அதுவே போதும் என்பேன். டிஸ்பேஸ்தான் வேண்டும் என்று மேலிடம் பிடித்தால், நிரந்தர இணைப்பில் வரும் 123456789 என்ற இயல்பு முன்னொட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். பல கல்லூரிச் சேகரங்களின் நிரந்தர இணைப்பு இந்த எண்ணோடு நிற்கிறது, அது எங்கும் போய்ச் சேராது. ஆண்டுக் கட்டணம் கட்டி ஹேண்டில் (நிரந்தர இணைப்பு எண்களைப் பதியும் அமைப்பு) முன்னொட்டு வாங்குங்கள். இல்லையேல் கல்லூரியின் சொந்த முகவரியையே கொடுங்கள்.

ஓஏஐ-பிஎம்எச் என்ற, விவரக்குறிப்பைப் பிற சேகரங்கள் எடுத்துக்கொள்ளும் வாசலைத் திறந்து வைத்தால் தேசிய மின்னூலகம் போன்றவை விவரக்குறிப்பை எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் மூடிய உருப்படிகளின் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது.

ஒலிப்பேழை:

மூல வேவ்களை அந்த ஹோஸ்டிங்கில் ஏற்றவே வேண்டாம், எம்பி3 மட்டும் போதும். வேவ்கள் இரண்டு 1 டிபி வட்டில், வெவ்வேறு கட்டடத்தில். மூன்றாவது பிரதி மேகத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்து விரிதாளில் ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண் மாறிய கோப்பை மற்ற வட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலாக்கிய பிறகு கேசட்டுகளைக் கழிக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள், முழுதும் சுற்றிய நிலையில், நிற்க வைத்து, ஸ்பீக்கருக்கும் மோட்டாருக்கும் தள்ளி அடுக்குங்கள்.