கண்டவர் பான்ஸ், பெயர் மட்டும் என்கேவுக்கா?

கல்லல்காரன்:
ஐப்பசிக் கடைசியில் மானகிரி பக்கம் பைக்கில் வரும்போது மஞ்சளாக ஒரு நெருப்புக் குண்டு, அவசரமே இல்லாமல் நகர்ந்து அணைந்தது. டாரிட் எரிகல், என்கே வால்மீன் உதிர்த்த தூசி என்றார் நண்பர். சரி, தேடிப் படித்தேன். 1818 நவம்பரில் மார்செய் நகரில் அதைக் கண்டவர் பான்ஸ் என்று இருக்கிறது. அப்புறம் எப்படி என்கே பெயர் வந்தது? இது என்ன நியாயம்?

பெட்டியடி, தேவகோட்டை:
நியாயம்தான் தம்பி. எங்கள் ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் கணக்கு எடுபிடியாக இருந்து மேலாள் ஆனவர். அவருடைய பேரேடுகளைப் புரட்டியவனுக்கு இது சட்டென்று விளங்கும். நாள்வழியில் வெவ்வேறு தேதியில் நான்கு வரவு இருக்கிறது. நான்கும் ஒரே ஆளுடையது என்று பிடிப்பவன்தான் கணக்குப்பிள்ளை.

1786ல் பாரிஸில் மெஷான் பார்த்தார், 1795ல் இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல், 1805ல் பான்ஸ், 1818ல் மறுபடியும் பான்ஸ். என்கே, கணித மேதை காஸிடம் படித்தவர். 1818ன் அளவுகளை எடுத்து, ஒரு தடவை வந்து போகும் வால்மீனுக்குரிய பரவளையத்தில் பொருத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. நீள்வட்டம் என்று வைத்ததும் பொருந்தியது, ஒரு சுற்றுக்கு 3.3 ஆண்டு! வியாழனின் இழுப்பையும் சேர்த்துப் பின்னோக்கிப் போட்டால் பழைய மூன்று வருகையும் அதே பாதையில் வந்து விழுந்தன. 1822 மே மாதம் சூரியனை நெருங்கும் என்றும் சொல்லிவைத்தார். அந்த ஜூனில் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் ரூம்கர் அதைப் பிடித்துவிட்டார். ஹாலி வால்மீனுக்கு அடுத்தபடி இப்படிச் சொல்லிவைத்து வந்தது இதுதான், அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் வால்மீன்களின் பட்டியலில் இதற்கு 2பி என்று பெயர்.

சூரியனுக்குக் கிட்டே வரும்போது புதன் பாதைக்கும் உள்ளே போகும். தூரத்தில் வியாழன் வரை எட்டாது.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. என்கே அதைத் தள்ளுபடி செய்யவில்லை. விண்வெளியில் ஏதோ ஊடகம் தடுக்கிறது, அதனால் பாதை சுருங்கிச் சுற்று சீக்கிரம் முடிகிறது என்றார். விடை வேறு: வெயில் பட்டு வால்மீனின் பனி ஆவியாகிப் பீறிடுகிறது, அதன் நடுக்கட்டியான கரு சுழல்வதால் அந்த உந்தல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 1950ல் அமெரிக்க வானியலாளர் விப்பிள் இதை விளக்கினார். விடை தவறு, கூட்டல் சரி. எனக்கு அது போதும்.

காரைக்குடி ஆச்சி:
கணக்குப் போட்டவருக்கே எல்லாம் என்பது உங்கள் வீட்டு வழக்கம் அண்ணே! பான்ஸ் மார்செய் வானாய்வகத்தில் வாயில்காப்பாளராகச் சேர்ந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வால்மீன்களைக் கண்டவர். என்கேயே கடைசிவரை இதை ‘பான்ஸ் வால்மீன்’ என்றுதான் எழுதினார். கரோலின் பெயரை யாரும் எடுப்பதுகூட இல்லை. பான்ஸுக்கு ஒரு ஆறுதல், அவர் 1812ல் கண்ட இன்னொன்று பான்ஸ்-புரூக்ஸ் என்ற பெயரோடு 2024ல் வந்துபோனது.

கல்லல்காரன்:
இருவருக்கும் நன்றி. என்கே அடுத்து எப்போது?

பெட்டியடி, தேவகோட்டை:
2027 பிப்ரவரியில் சூரியனை நெருங்கும். தை அமாவாசைக்கு முந்தைய வாரம், இருட்டியதும் மேற்கே தாழ்வாகப் பாருங்கள். பைனாகுலர் வேண்டும். காரைக்குடி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, திருமயம் பக்கம் கண்மாய்க்கரைக்குப் போய்விடுங்கள்.